அப்பாவின் சைனஸ் ஆபரேஷனுக்கு நேவிகேஷன் அவசியமா?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது, ஊர் உசிலம்பட்டி பக்கம். சர்க்கரை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் மூக்கில் சதை வளர்ந்து மதுரையில் எண்டோஸ்கோப் ஆபரேஷன் செய்தோம். இப்போது மறுபடி வளர்ந்துவிட்டது. “வலது கண் பக்கச் சுவரில் எலும்பு விடுபட்டுள்ளது, நெற்றி சைனஸ் இரண்டு பக்கமும் அடைப்பு” என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கிறது. நேவிகேஷன் வைத்துத்தான் செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார் டாக்டர். போன தடவை இப்படி எதுவும் கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த சிடி இருந்தும் புதிதாக எடுக்கச் சொல்கிறார். கம்ப்யூட்டரே ஆபரேஷன் செய்யுமா? இது பில்லை ஏற்றும் வேலையா? சென்னைக்குப் போய்விடுங்கள் என்று மாமா சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: நான் மதுரையில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்ப்பவன். உங்கள் அப்பாவையும் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. நேவிகேஷன் என்பது, சர்ஜனின் கருவி தலைக்குள் எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் படத்தில் காட்டும் மெஷின். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி ரிப்போர்ட்டை வைத்துச் சொல்வதானால், அதைக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஸ்கேன் திரும்ப எடுக்கச் சொன்னதற்கும் பெரும்பாலும் நல்ல காரணம் இருக்கும். கம்ப்யூட்டர் ஆபரேஷன் செய்யாது. இதற்காக மட்டும் சென்னை போக வேண்டியதில்லை. இனி ஒவ்வொன்றாக.

சைனஸ் என்பது முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள். கன்னத்தில், நெற்றியில், இரண்டு கண்ணுக்கும் நடுவில், எல்லாவற்றுக்கும் பின்னால் மண்டையின் அடியில் என்று நான்கு இடத்தில் உண்டு. மூக்கைச் சிந்தும் இடம்தானே என்று சாதாரணமாக நினைத்துவிடுகிறோம், ஆனால் அக்கம்பக்கத்தில் இருப்பவை எல்லாம் ஆபத்தானவை. கண்ணுக்கும் நடுச் சைனஸுக்கும் இடையே இருப்பது மிக மெல்லிய எலும்புத் தகடு. மேலே மூளை. அந்தக் கூரையில் ஒரு பகுதி, மூக்கின் நடுவை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் தகடு, 0.2 மில்லிமீட்டருக்கும் மெலிந்து இருக்கும். அந்த இடம் எவ்வளவு ஆழமாகக் குழிந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கேரோஸ் என்ற மருத்துவர் 1962-இல் இதை மூன்று வகையாகப் பிரித்தார்: 1 முதல் 3 மி.மீ., 4 முதல் 7 மி.மீ., 8 முதல் 16 மி.மீ. ஆழம் கூடக் கூட ஆபத்தும் கூடும். பின் சைனஸின் பக்கச் சுவரில் பார்வை நரம்பும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் ஓடுகின்றன. சிலருக்கு அவற்றின் மேல் எலும்பு மூடியே இருக்காது.

இந்த இடத்தில் எண்டோஸ்கோப் என்ற 4 மி.மீ. தடிமனுள்ள தொலைநோக்கிக் குழாயை மூக்கின் வழியே விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறோம். அந்தக் கண்ணாடித் தண்டுக் குழாய்க்கு வழி செய்தவர் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஹெரால்ட் ஹாப்கின்ஸ். அதை வைத்துச் சைனஸின் சளி எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்து, அந்த வழியைத் திறந்தாலே போதும் என்ற ஆபரேஷன் முறையை உருவாக்கியவர்கள் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மருத்துவர்கள் மெஸ்ஸர்க்ளிங்கரும் ஸ்டாம்பெர்கரும். அமெரிக்காவில் 1985 வாக்கில் டேவிட் கென்னடி என்ற மருத்துவர் அதைப் பரப்பினார். இன்று மதுரையில் நடக்கும் சைனஸ் ஆபரேஷனும் அந்த வழியில் வந்ததுதான்.

போன தடவை நேவிகேஷன் கேட்காததற்குக் காரணம் சொல்கிறேன். முதல் ஆபரேஷனில் உடம்பே வழி காட்டும். நடுத் திருகெலும்பு இங்கே, அதற்குப் பின்னால் கொக்கி போன்ற எலும்பு, அதற்கு அடுத்து இன்ன அறை என்று அடையாளங்கள் வரிசையாக வரும். பழகிய சர்ஜன் அவற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே போவார். இரண்டாம் முறை போகும்போது அந்த அடையாளங்களில் பாதி முதல் ஆபரேஷனிலேயே எடுக்கப்பட்டிருக்கும். மிச்சம் இருப்பது தழும்பு, அதன் மேல் புதுச் சதை. சதையோ தொட்டால் ரத்தம் கசியும். உங்கள் அப்பாவுக்கு இதோடு கண் பக்கச் சுவரும் திறந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாகக் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு மூக்குக்குள் பிதுங்கி நின்றால், எண்டோஸ்கோப்பில் அதுவும் பாலிப் (மூக்கில் வளரும் சதை) மாதிரியேதான் தெரியும். சதையை உறிஞ்சி வெட்டும் டெபிரைடர் கருவியை அங்கே வைத்தால் ஒரு சில நொடியில் கண்ணை அசைக்கும் தசை போய்விடும், பிறகு அதைச் சரிசெய்வது மிகக் கடினம். நெற்றிச் சைனஸின் வழியோ குறுகலானது, வளைந்தது, நேர்க் குழாயில் தெரியாது. மறு ஆபரேஷன், எலும்பு விடுபட்ட கண் சுவர், நெற்றிச் சைனஸ் என்று நேவிகேஷனுக்கான மூன்று காரணங்கள் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன.

இனி மெஷினைப் பற்றி. ஆபரேஷனுக்கு முன் எடுத்த சிடி ஸ்கேனை அதில் ஏற்றுவார்கள். சர்ஜன் கையிலிருக்கும் கருவியின் நுனி இந்த நொடியில் தலைக்குள் எங்கே இருக்கிறது என்பதை, முன்னிருந்து, பக்கவாட்டில், கீழிருந்து என்று மூன்று கோணப் படத்திலும் ஒரு குறியாகக் காட்டும். செய்வது அவ்வளவுதான். வெட்டாது, உறிஞ்சாது, கையைப் பிடித்து நிறுத்தாது. “கம்ப்யூட்டர் சைனஸ் ஆபரேஷன்” என்று போர்டு வைப்பதைப் பார்த்து மக்கள் ரோபோ வந்து செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இதை லேசரோடும் குழப்பிக்கொள்கிறார்கள். லேசருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஜெர்மனியின் ஆஹன் நகரில் 1980-களில் ஷ்லண்டார்ஃப் குழுவினர் மூட்டுகள் கொண்ட ஒரு உலோகக் கையை வைத்து இதை முதலில் செய்து பார்த்தார்கள். இப்போது அந்தக் கை போய், இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று அகச்சிவப்புக் கேமரா. நெற்றியில் பட்டை கட்டி அதில் ஒளியைத் திருப்பும் சிறு உருண்டைகளை வைப்பார்கள், கருவியிலும் வைப்பார்கள். கேமரா இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்கும். குறுக்கே நர்ஸ் வந்து நின்றால் குறி மறைந்துவிடும். இன்னொன்று காந்தப்புல முறை. தலைக்கு அருகே ஒரு பெட்டி காந்தப்புலத்தை உண்டாக்கும், கருவி நுனியில் உள்ள சென்சார் அதை உணரும். குறுக்கே ஆள் நின்றாலும் கவலை இல்லை, ஆனால் பக்கத்தில் பெரிய இரும்புச் சாமான் இருந்தால் தடுமாறும். அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் போன்ற கருவி எதுவும் உடம்பில் இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டிலும் உயிர்நாடி ரிஜிஸ்ட்ரேஷன் என்ற வேலை. நிலம் அளக்க வரும் சர்வேயர் கையில் புலப்படம் இருக்கும். ஆனால் அவர் வந்ததும் முதலில் தேடுவது எல்லைக் கல்லை. படத்தில் உள்ள கல் தரையில் எது என்று இரண்டு மூன்று இடத்தில் பொருத்திப் பார்த்த பிறகுதான் சங்கிலியைப் போடுவார். தவறான கல்லைப் பிடித்துவிட்டால், அதன் பிறகு எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அடுத்தவன் தோட்டத்தில்தான் போய் நிற்க வேண்டும். ரிஜிஸ்ட்ரேஷனும் அதேதான். மயக்கம் கொடுத்த பிறகு, நெற்றி, மூக்கின் மேல்தண்டு, கண் ஓரம் என்று முகத்தின் மேல் பல புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு, ஸ்கேனில் உள்ள முகத்தோடு மெஷினைப் பொருத்த வைக்கிறோம். பிறகு மூக்குக்குள் கருவியை விட்டு, நமக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரு எலும்பைத் தொட்டு, படத்திலும் குறி அங்கேதான் நிற்கிறதா என்று பார்க்கிறோம். இந்தச் சரிபார்ப்பை ஆரம்பத்தில் ஒரு தடவை செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது. துணியை இழுக்கும்போது நெற்றிப் பட்டை ஒரு நூல் நகர்ந்தாலும் மெஷினுக்கு அது தெரியாது, தவறான இடத்தையே கூச்சமில்லாமல் காட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொன்ன காரணமும் இதில்தான் இருக்கிறது. நீங்கள் இரண்டு மாதம் முன் எடுத்தது நோயைக் கண்டுபிடிக்க எடுத்த ஸ்கேன். அதில் 3 மி.மீ. இடைவெளியில் வெட்டுகள் (ஸ்கேன் தலையை அடுக்கடுக்காகக் காட்டும் படங்கள்) இருந்திருக்கலாம். கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் கட்டம் போட்டு எடுத்திருந்தால் மூக்கு நுனியும் நெற்றியின் மேல் பகுதியும் படத்தில் வந்திருக்காது. நேவிகேஷனுக்கு 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த வெட்டுகள், இடைவெளியில்லாமல், ஸ்கேன் மெஷினைச் சாய்க்காமல், முகத்தின் தோல் முழுக்கப் படத்தில் வரும்படி வேண்டும். தலை ஆடாமலிருக்க நெற்றியில் இறுக்கிப் பட்டை கட்டினால் தோல் அமுங்கி முகத்தின் வடிவமே மாறிவிடும், ரிஜிஸ்ட்ரேஷன் கெடும். ஸ்கேன் சென்டரில் “நேவிகேஷன் புரோட்டோகால்” என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டுங்கள். பிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். டைகாம் என்ற கம்ப்யூட்டர் ஃபைல் வடிவத்தில் முழு ஸ்கேனையும் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வாங்க வேண்டும். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவை நேவிகேஷன் மெஷின் தொடாது.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பழைய ஸ்கேன் எடுத்த சென்டருக்கே போய், மெல்லிய வெட்டுகள் அவர்கள் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இன்றைய மெஷின்கள் பலவும் மெல்லிய வெட்டாகத்தான் எடுக்கின்றன, பிலிமில் போடும்போது தடிமனாக்கிப் போடுகிறார்கள். மெல்லிய வெட்டு இருந்து, முகம் முழுக்க வந்திருந்தால் சில சமயம் அதுவே போதும், இன்னொரு ஸ்கேன் செலவு மிச்சம். உசிலம்பட்டியிலிருந்து திரும்பத் திரும்ப பஸ் ஏறுவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

இந்த மெஷினின் குறைகளைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. எல்லாம் சரியாகப் பொருந்தினாலும் குறிக்கும் உண்மைக்கும் இடையே ஏறக்குறைய 2 மி.மீ. வரை வித்தியாசம் இருக்கலாம். மேலே சொன்ன மூளைப் பக்கத் தகட்டின் கனம் 0.2 மி.மீ.க்கும் குறைவு. அதாவது மெஷினின் பிழை அந்த எலும்பைப் போலப் பத்து மடங்கு. ஆகவே “இன்னும் ஒரு மில்லிமீட்டர் போகலாமா” என்ற கேள்விக்கு நேவிகேஷனிடம் பதில் கிடையாது. “இது நெற்றிச் சைனஸின் அறையா, அதற்கு முந்தின அறையா”, “இது கண் சுவரா, தடுப்புச் சுவரா” என்ற கேள்விகளுக்குத்தான் பதில் கிடைக்கும். எலும்பு எங்கே முடிகிறது என்பதைக் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு குறை, திரையில் தெரிவது ஆபரேஷனுக்கு முன் எடுத்த படம். சதையை முழுக்க எடுத்து முடித்த பிறகும் திரையில் அது அப்படியே நிற்கும். எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மிச்சம் என்பது அதில் தெரியாது. ஆபரேஷன் மேசையிலேயே ஸ்கேன் எடுத்துப் புதுப்பிக்கும் வசதி உலகில் உண்டு, அது எல்லா இடத்திலும் கிடைக்கும் சாமான் இல்லை. மெஷின் சொல்வதும் கண் சொல்வதும் முரண்பட்டால் நான் நிறுத்திவிட்டுத் தெரிந்த எலும்பைத் தொட்டு மறுபடி சரிபார்ப்பேன். பொருந்தாவிட்டால் மெஷினை ஓரங்கட்டிவிட்டு உடற்கூறைத்தான் நம்புவேன். நேவிகேஷன் இல்லாமல் இந்த ஆபரேஷனைத் தொட முடியாத சர்ஜன், நேவிகேஷன் வைத்தும் தொடக் கூடாது என்பது என் கருத்து.

பில்லை ஏற்றும் வேலையா என்று கேட்டீர்கள். சிலருக்கு அப்படித்தான். முதல் முறை ஆபரேஷன், கன்னத்துச் சைனஸில் மட்டும் சீழ், எலும்பெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றால் நேவிகேஷன் வைப்பது பெரும்பாலும் வீண் செலவு. மூக்கின் நடுவில் வளைந்த தண்டெலும்பைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு நேவிகேஷன் கட்டணம் போட்டிருந்தால் தைரியமாகக் காரணம் கேளுங்கள். அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் எதெதற்கெல்லாம் இது பொருத்தம் என்று சொல்லியிருக்கிறது: மறு ஆபரேஷன், உடற்கூறு மாறிப்போனவர்கள், மூக்கு நிறையப் பாலிப், நெற்றி மற்றும் பின் சைனஸ் நோய், கண்ணையோ மூளைக் கூரையையோ பெரிய ரத்தக் குழாயையோ ஒட்டி நிற்கும் நோய், மூளை நீர்க் கசிவு, கட்டிகள். அவர்களும் முடிவைச் சர்ஜனிடமே விடுகிறார்கள், எல்லாருக்கும் கட்டாயம் என்று சொல்லவில்லை.

விபத்துகளை இது குறைக்கிறதா என்பதில் ஆராய்ச்சி உலகத்தில் முழுத் தீர்ப்பு வரவில்லை. கண் பறிபோவது, மூளை நீர் கசிவது போன்ற பெரிய விபத்துகள் நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் நடக்கின்றன. இவ்வளவு அபூர்வமான ஒன்று குறைந்ததா என்று நிரூபிக்க, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆயிரக்கணக்கான நோயாளிகள் வேண்டும். அப்படி ஒரு ஆய்வு நடக்கவில்லை. பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டின் ஒரு அலசல், நேவிகேஷன் வைத்தவர்களிடம் பெரிய விபத்து குறைவு என்றது. நம்பலாம், ஆனால் அந்த மெஷின் இருந்த ஆஸ்பத்திரிகளில் அனுபவமுள்ள சர்ஜன்களும் அதிகம் இருந்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு நம்பலாம்.

தொகை நான் சொல்ல மாட்டேன், ஒரே தெருவில் இரண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு விலை. கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்கிறேன்: தனிக் கட்டணம் மெஷினுக்கா, அல்லது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் உருண்டைகளுக்கும் சென்சாருக்குமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ தனியார் பாலிசியோ இருந்தால், ஆபரேஷன் பேக்கேஜில் நேவிகேஷன் சேருமா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் அன்று கேட்டுப் பிரயோஜனமில்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியது மெஷினின் பிராண்டு அல்ல. “மறு ஆபரேஷன் அடிக்கடி செய்வீர்களா, நெற்றிச் சைனஸைத் திறப்பீர்களா, கண்ணில் ஏதாவது ஆனால் கண் டாக்டர் உடனே வருவாரா” என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மதுரையில் பதில் கிடைப்பது சுலபம், கண் மருத்துவத்துக்குப் பெயர்போன ஊர் இது.

ஆபரேஷன் நன்றாக முடிவதில் நேவிகேஷனைவிட ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்துவதற்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். திரை முழுக்க ரத்தமாக இருந்தால் எந்த மெஷினும் உதவாது. தலைமாட்டை உயர்த்தி வைப்பது, அட்ரினலின் நனைத்த பஞ்சு, ரத்த அழுத்தத்தைத் தாழ்வாக வைத்திருக்கும் மயக்க மருந்து டாக்டர் ஆகிய மூன்றும் அமைந்தால் பாதி வேலை முடிந்தது. ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பு பாலிப் சுருங்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை எகிறும். சர்க்கரை டாக்டரிடம் முன்பே சொல்லி, அந்த நாட்களில் வீட்டிலேயே அடிக்கடி பார்த்து மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும். இதய நோய்க்கு ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-இல் கொரோனாவோடு வந்த கருப்பு பூஞ்சையை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள், இராசாசி ஆஸ்பத்திரியில் அதற்கென்றே தனி வார்டு நடந்தது. உங்கள் அப்பாவுக்கு வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்திருக்கும் சதை அந்த மாதிரி நோயாகத் தெரியவில்லை. நம் வெப்பப் பகுதிகளில் அதிகம் காணும் ஒவ்வாமைப் பூஞ்சைச் சைனஸாக இருக்கலாம். அது கண் சுவரை மெல்ல மெல்லத் தள்ளித் தேய்த்துவிடும், ரிப்போர்ட்டில் வந்த எலும்பு விடுபாட்டுக்கு அதுவே காரணமாகக்கூட இருக்கலாம். ஆனால் சர்க்கரைக்காரருக்குக் கண் வீக்கம், கன்னம் மரத்துப்போதல், மூக்கில் கறுப்புப் பொருக்கு, திடீரென்று பார்வை மங்கல் இதில் எது வந்தாலும் நேவிகேஷனுக்கும் தேதிக்கும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

எவ்வளவு நல்ல மெஷினை வைத்தாலும் பாலிப் திரும்ப வருவதை நேவிகேஷன் தடுக்காது. அறையைத் திறந்துவைக்க மட்டுமே அது உதவும். திறந்த அறைக்குள் மருந்து போய்ச் சேர்வதுதான் சதையைத் தள்ளிப்போடும். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதும், டாக்டர் எழுதினால் அதில் ஸ்டீராய்டு கலந்து கழுவுவதும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடர வேண்டும். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா எத்தனை நாள் கழுவினார் என்று வீட்டில் விசாரியுங்கள். பெரும்பாலான வீடுகளில் மூக்கு அடைப்பு விட்டதும் பாட்டில் பரணுக்குப் போய்விடும். கழுவும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற வைத்ததாக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் அப்படியே மூக்குக்குள் போகக் கூடாது, அதில் மூளையைத் தாக்கும் அமீபா இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மாமாவிடம் சொல்லுங்கள்: நேவிகேஷன் மதுரையிலேயே இருக்கிறது, உங்கள் டாக்டரே அதைத்தானே சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் முடிந்த பிறகு முதல் சில வாரங்கள் மூக்கைச் சுத்தம் செய்யத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும், உசிலம்பட்டியிலிருந்து சென்னைக்கு அது நடக்காத காரியம். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மதுரையிலேயே வேறொரு இ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள், தப்பில்லை. போகும்போது புது டிஸ்க், பழைய பிலிம், முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி, அன்று எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட் நான்கையும் எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் “இரண்டு பக்கமும் சைனஸ் சுத்தம் செய்யப்பட்டது” என்று ஒற்றை வரிதான் இருக்கிறதென்றால், முன்பு செய்த ஆஸ்பத்திரியில் கேட்டு முழு ஆபரேஷன் குறிப்பையும் வாங்க முயலுங்கள். எந்த எலும்பு எடுக்கப்பட்டது, அப்போதே கண் சுவர் திறந்திருந்ததா என்பது அதில்தான் இருக்கும்.